கை மட்டும் தெரிந்த மனிதர்

'கரண்ட்டில் கை வைத்தால் என்ன ஆகும்?'

1974-ல் பாம்பனில் என் வயசுப் பையன்களைக் கூப்பிட்டு இப்படிக் கேட்டிருந்தால், நூற்றுக்குத் தொண்ணூறு பேர் யோசிக்காமல் சொல்லியிருப்பார்கள்: "உடம்பு மறைஞ்சிரும். கை மட்டும் தெரியும்!" மிச்சம் பத்துப் பேர் முத்து காமிக்ஸ் படிக்காத அப்பாவிகள்.

என் சித்தப்பா மகன் ஒருத்தன் பரீட்சித்தே பார்த்துவிட்டான். ப்ளக் ஓட்டையில் ஆணியைச் செருகினான். அவன் அதிர்ஷ்டம், எங்கள் ஊர் வழக்கப்படி அன்றைக்கும் கரண்ட் இல்லை. இருந்திருந்தால் அவன் நிரந்தரமாகவே மறைந்திருப்பான். சித்தப்பா பெல்ட்டைக் கழற்றியதும் மறைந்தது அவனுடைய வீரம்தான்.

இத்தனைக்கும் காரணம் இரும்புக்கை மாயாவி. விபத்தில் வலது கையை இழந்து, அந்த இடத்தில் எஃகுக் கை பொருத்திக்கொண்ட லூயிஸ் கிராண்டேல். அதிக வோல்ட் மின்சாரம் பாய்ந்தால் அவன் உடம்பு முழுக்க மறைந்துபோகும். அந்த இரும்புக்கை மட்டும் அந்தரத்தில் மிதக்கும். அந்தக் கை கதவு திறக்கும், துப்பாக்கி பிடுங்கும், வில்லன் கழுத்தைப் பிடிக்கும். ராத்திரி படித்துவிட்டுக் கொல்லைப்பக்கம் போக எனக்கு அம்மா துணை வேண்டும்.

இந்தப் புத்தகங்கள் எனக்குக் கிடைத்தது பாம்பன் ஸ்டேஷனுக்குப் போகிற வழியில் இருந்த ஒரு வாடகைப் புத்தகக் கடையில். கடை என்றால் பெரிசாக நினைத்துக்கொள்ளாதீர்கள். நாலு பலகை, மேலே தென்னங்கிடுகு, உள்ளே கயிற்றில் காயப்போட்ட கருவாடு மாதிரி புத்தகங்கள். அப்போது தீவுக்கு ரோட்டுப் பாலம் கிடையாது (அது 1988-ல்தான் வந்தது). ஆளானாலும் அரிசியானாலும் மாயாவியானாலும் ரயிலேறித்தான் கடலைத் தாண்டவேண்டும். பாசஞ்சர் லேட் என்றால் மாயாவியும் லேட்!

கடைக்கார அண்ணனுக்கு வலது கை மணிக்கட்டோடு கிடையாது. தோட்டா போட்டு மீன் பிடிக்கப் போன இடத்தில், திரி எரிந்து முடிகிறதற்குள் கையை எடுக்கவில்லை. எங்கள் கடற்கரையில் அந்தக் காலத்தில் இப்படி இரண்டொருவர் இருந்தார்கள். வலை இழுக்கிற ஊரில் ஒரு கையை வைத்துக்கொண்டு என்ன செய்ய? கொஞ்ச நாள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். அப்புறம் யாரோ பெரியவர் முதல் கொடுக்க, இந்தக் கடை.

முதுகுக்குப் பின்னால் நாங்கள் அவருக்கு வைத்த பெயர், சொல்ல வேண்டியதில்லை. மாயாவி.

ஒருநாள் வாய் தவறி நேரிலேயே கூப்பிட்டுவிட்டேன். "மாயாவிண்ணே, புதுசு வந்துருச்சா?" சொன்ன பிறகுதான் உறைத்தது. ஓடலாமா என்று பார்த்தேன். அவர் கோபப்படவில்லை. ஒரு புத்தகத்தை எடுத்துப் பிரித்து என் முன்னால் வைத்தார்.

"டேய் தம்பி, இத வரைஞ்சது யாருடா?"

முன் அட்டை, பின் அட்டை, உள்பக்கம் எல்லாம் தேடினேன். விலை இருந்தது. சிவகாசி முகவரி இருந்தது. வரைந்தவர் பெயர் இல்லை.

"போடலண்ணே."

"இந்த ஆளு கையில்லாதவனப் பக்கத்துல வச்சுப் பாத்துருக்காண்டா. கை போனவன் தோளு எப்படிச் சாயும், மத்தவன் பாக்கும்போது கைய எங்க ஒளிப்பான்... எல்லாம் தெரிஞ்சு வரைஞ்சிருக்கான். ஒருவேளை அவனுக்கே கை இல்லையோ?"

அன்றைக்கு இன்லண்டு லெட்டர் வாங்கக் காசு கொடுத்தார். இடது கை எழுத்து அவருக்கு அப்போது வசப்படவில்லை. அவர் சொல்லச் சொல்ல நான் முதலில் ஒரு நோட்டுத் தாளில் எழுதினேன். 'ஓவியர் ஐயா அவர்களுக்கு, பாம்பனிலிருந்து எழுதுவது. எனக்கும் வலது கை இல்லை. உங்கள் படத்தைப் பார்த்தபிறகு கடையில் துண்டைப் போட்டுக் கையை மூடுவதில்லை. உங்களுக்கும் கை இல்லையா என்று தெரிவிக்கவும்.' இவ்வளவுதான். "நல்லாப் பாத்து எழுதி, சிவகாசி அட்ரசுக்குப் போட்டுருடா" என்றார்.

போஸ்ட் ஆபீசுக்குப் போகிற வழியில் ஐஸ் வண்டி நின்றது.

அதற்கு மேல் சொல்ல வெட்கமாக இருக்கிறது. சேமியா ஐஸ். இரண்டு.

"போட்டியாடா?" "போட்டேண்ணே." "பதில் வந்துச்சா?" "வரலண்ணே. அவரு ஃபாரின்ல இருக்காராம்." கூசாமல் ஒரு பொய். அது நிஜம் என்று எனக்குத் தெரிய முப்பது வருஷத்துக்கு மேல் ஆனது.

அவர் பெயர் ஹெசூஸ் பிளாஸ்கோ. 1919-ல் ஸ்பெயின் நாட்டில் பார்சிலோனா நகரில் பிறந்தவர். ஹெசூஸ் என்றால் இயேசு. நாம் முருகன் என்று வைக்கிற மாதிரி அங்கே சாதாரணமாக வைக்கிற பெயர்தான். மாதா கோயிலுக்குத் தவறாமல் போகிற எங்கள் அண்ணனிடம் "மாயாவிய வரைஞ்சது இயேசுண்ணே" என்று சொல்லியிருந்தால், என் முதுகில் இரண்டு வைத்திருப்பார், இடது கையால்.

பிளாஸ்கோ படம் போட ஆரம்பித்தபோது பள்ளிக்கூட வயசு. 1935-லேயே ஸ்பெயினின் சிறுவர் பத்திரிகைகளில் அவர் படங்கள் வந்துவிட்டன. கூட்டோ என்று ஒரு துறுதுறு பையனை உருவாக்கினார். அவன் அந்த நாட்டுக் குழந்தைகளுக்குச் செல்லப்பிள்ளை ஆனான். 1936-ல் உள்நாட்டுப் போர் வந்தது. 1939-ல் போர் முடிந்து ஃபிராங்கோவின் ஆட்சி. நாடே வறுமையில் கிடந்தபோது மறுபடி தூரிகையை எடுத்தார்.

உள்ளூரில் படத்துக்குக் கூலி குறைவு. லண்டன் பத்திரிகைகள் பவுனில் கொடுத்தன. அதனால் 1950-களில் ஆரம்பித்து பார்சிலோனா ஓவியர்கள் பலர், வீட்டிலிருந்தபடியே இங்கிலாந்துக் குழந்தைகளுக்கு வரைந்து தபாலில் அனுப்பினார்கள். நம்ம ஊரில் அச்சாபீஸ் வேலையை வீட்டுக்கு எடுத்துவந்து செய்கிற மாதிரிதான்! பிளாஸ்கோ வீட்டில் அது குடும்பத் தொழில். அலெஹாண்ட்ரோ, அட்ரியானோ, பிலார் என்று கூடப் பிறந்தவர்களும் ஓவியர்கள். ஒருத்தர் பக்கத்துக்கு இன்னொருத்தர் கை கொடுப்பார்.

1962 அக்டோபர் 6-ம் தேதி லண்டனில் 'வேலியண்ட்' என்ற வாரப் பத்திரிகையின் முதல் இதழ் வந்தது. அதில் மாயாவியும் பிறந்தான். கதை எழுதியவர் கென் பல்மர் என்ற விஞ்ஞானக் கதை எழுத்தாளர். பிறகு டாம் டல்லி எழுதினார். மாயாவி முதலில் நல்லவனே இல்லை. கண்ணுக்குத் தெரியாத மனுஷனுக்கு வருகிற எல்லா ஆசையும் அவனுக்கும் வந்தது. திருடினான், ஊரை மிரட்டினான். அப்புறம்தான் திருந்தி, ரகசிய உளவாளி ஆனான். இடையில் கொஞ்ச காலம் அமெரிக்க சூப்பர் ஹீரோக்கள் மாதிரி தனி உடுப்புகூட மாட்டிக்கொண்டான்! 1970 வரை அந்தத் தொடர் ஓடியது.

யோசித்துப் பாருங்கள். கதாநாயகன் பாதிப் பக்கம் கண்ணுக்கே தெரியமாட்டான். ஹீரோவை வரையாமலே ஹீரோ இருக்கிறார் என்று காட்டவேண்டும். ஒரு கை கோபப்படவேண்டும், பயப்படவேண்டும், தயங்கவேண்டும். சினிமாவில் கண், புருவம், உதடு எல்லாம் வைத்துக்கொண்டே நடிப்பு வராமல் திண்டாடுகிறவர்கள் உண்டு. பிளாஸ்கோ அஞ்சு இரும்பு விரல்களை வைத்துக்கொண்டு நடிக்க வைத்தார். கறுப்பு மையை அள்ளிக்கொட்டி இருட்டாக்குவார்; அதில் வெள்ளையாக ஒரு கீற்று விட்டால் அதுதான் கை.

ஆனால் இங்கிலாந்துப் பையன்களுக்கும் அவர் பெயர் தெரியாது. அந்தக் காலத்து பிரிட்டிஷ் காமிக்ஸ் வாரப் பத்திரிகைகள் பெரும்பாலானவற்றில் ஓவியர் பெயர் போடும் வழக்கம் இல்லை. 1977-ல் தொடங்கிய '2000 ஏடி' பத்திரிகைதான் அதை வழக்கமாக்கியது. அதற்குள் மாயாவி தொடர் முடிந்துபோயிருந்தது. ஆக, லட்சக்கணக்கான குழந்தைகளைப் பயமுறுத்திய ஆளே ஒரு மாயாவி. கை தெரிந்தது, ஆள் தெரியவில்லை!

நம்ம பக்கக் கதைக்கு வருகிறேன். 1972-ல் சிவகாசியில் சௌந்திரபாண்டியன் அவர்கள் முத்து காமிக்ஸை ஆரம்பித்தார். லண்டனில் உரிமை வாங்கி, தமிழில் மாற்றி, முதல் இதழே 'இரும்புக்கை மாயாவி'. இதில் எங்களுக்கு ஒரு பெருமை உண்டு. அன்றைக்குச் சிவகாசி இருந்தது ஒன்றாக இருந்த இராமநாதபுரம் மாவட்டத்தில். 1985-ல்தான் மாவட்டத்தை மூன்றாகப் பிரித்தார்கள். ஆகவே, தமிழ் பேசிய மாயாவி எங்கள் ஜில்லாக்காரன்! வானம் பார்த்த பூமி, தண்ணியில்லாக் காடு என்று கேலி பேசுகிறவர்கள் இதையும் சேர்த்துப் பேசவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

படக்கதையே எங்களுக்குப் புதுசில்லை. இராமநாதபுரம் அரண்மனையில் இராமலிங்க விலாசம் போய்ப் பாருங்கள். சுமார் 300 வருஷத்துக்கு முன்னால் சேதுபதி காலத்தில் சுவர் முழுக்க வரைந்திருக்கிறார்கள். கட்டம் கட்டமாக ராமாயணம், தஞ்சை மராட்டியரோடு யுத்தம், வெள்ளைக்காரர்களோடு சேதுபதி பேச்சுவார்த்தை. யார் எவர் என்று எழுத்தும் உண்டு. காமிக்ஸ் என்றால் வேறென்ன? அங்கேயும் வரைந்தவன் பெயரைத் தேடினேன். ராஜா பெயர் எல்லோருக்கும் தெரிகிறது. தூரிகை பிடித்தவன் மாயாவி.

எல்லோருக்கும் அப்படி ஆகிவிடவில்லை. அம்புலிமாமாவில் வாளை உருவியபடி வேதாளத்தைத் தோளில் சுமந்து வரும் விக்கிரமாதித்தனை வரைந்த 'சங்கர்' என்கிற கே.சி.சிவசங்கரை, கையெழுத்தை வைத்தே வாசகர்களுக்குத் தெரியும். 2020-ல் 96 வயதில் காலமானார். அடுத்த வருஷம் பத்மஸ்ரீ அறிவித்தார்கள். விருது வாங்க அவர் இல்லை.

பிளாஸ்கோ கடைசிவரை பேனாவைக் கீழே வைக்கவில்லை. இத்தாலியின் டெக்ஸ் வில்லருக்கும் வரைந்தார். 1995 அக்டோபரில் பார்சிலோனாவில் இறந்துபோனார். பாம்பனில் ஒருத்தர் துண்டை எடுத்துப் போட்டுவிட்டுக் கையை வெளியே காட்டி உட்கார்ந்த விஷயம் அவருக்குத் தெரியவே தெரியாது. தெரிந்திருக்கலாம். சிவகாசிக்காரர்கள் லண்டனுக்கு அனுப்பி, லண்டன்காரர்கள் பார்சிலோனாவுக்கு அனுப்பி... ஒருவேளை போய்ச் சேர்ந்திருக்கும். இரண்டு சேமியா ஐஸ் நடுவில் வந்துவிட்டது.

அண்ணன் 1986-லேயே போய்விட்டார். நான் அப்போது வேலைக்காக வெளியூரில்.

போன வருஷம் பாம்பன் போயிருந்தேன். புதுப் பாலத்தில் ரயில் ஓடுகிறது. கடை இருந்த இடத்தில் அவர் மகன் மொபைல் ரீசார்ஜ் கடை வைத்திருக்கிறார். யார் என்று சொன்னதும் உள்ளே போய் ஒரு நீள நோட்டை எடுத்து வந்தார். அப்பாவின் வாடகைக் கணக்கு. எழுத்துகள் குழந்தை எழுதியது மாதிரி வளைந்து நெளிந்து கிடந்தன. இடது கை. பழகியிருக்கிறார்!

"உங்க பேரு இருக்குண்ணே, பாருங்க."

இருந்தது. 'பாம்புத் தீவு - 1. திரும்ப வரவில்லை.' அதற்கு எதிரே இன்னொரு வரி: 'கேட்க வேண்டாம். லெட்டர் போட்ட பையன்.'

எனக்குக் கொஞ்ச நேரம் எழுத்து தெரியவில்லை.

"அப்பா அடிக்கடி சொல்லும். படம் வரைஞ்சவருக்கு நீங்கதான் லெட்டர் போட்டீங்கன்னு. பதில் வந்துச்சாண்ணே?"

ஆமாம் என்று சொல்லிவிடலாமா என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். பழக்க தோஷம். அப்புறம் ஐஸ் வண்டியிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். பிளாஸ்கோ பெயரைச் சொன்னேன். "அப்பா கேட்டதுக்குப் பதில் இதான் தம்பி. அவருக்கு ரெண்டு கையும் இருந்துச்சு. அது போதாம, கூடப் பிறந்தவங்க கையும் இருந்துச்சு."

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன்.

"ஐஸாவது நல்லாருந்துச்சாண்ணே?" என்றார், அப்பாவைப் போலவே தலையைச் சாய்த்து.

"உருகிப்போச்சு தம்பி" என்றேன்.

நோட்டை என் பக்கம் திருப்பி ஒரு பேனாவை நீட்டினார். 'கேட்க வேண்டாம்' என்ற வரிக்குக் கீழே எழுதினேன்: 'படம்: ஹெசூஸ் பிளாஸ்கோ, பார்சிலோனா.' புத்தக வாடகை பாக்கியைக் கொடுக்கப் போனேன். வாங்க மறுத்துவிட்டார். அப்பா எழுதிவைத்த கணக்காம், அதை மாற்றமாட்டாராம்.