வழங்கிகளுக்கெனத் தனி முறைமை அழைப்புகள்: சென்ட்ஃபைல் உணர்த்தும் பாடம்

கோப்பைப் படிக்கவோ வலையமைப்பில் தரவை அனுப்பவோ ஒரு நிரல் இயங்குதளத்தின் கருனியிடம் விடுக்கும் கோரிக்கையே முறைமை அழைப்பு எனப்படும். வழங்கிகளின் விரைவுக்கெனச் சிறப்பு அழைப்புகளைச் சேர்ப்பது தகுமா என்னும் வினாவை, லினக்ஸின் சென்ட்ஃபைல் அழைப்பைச் சான்றாகக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

இணைய வழங்கி ஒரு படக்கோப்பை அனுப்ப வழக்கமாக இரண்டு அழைப்புகள் வேண்டும். முதல் அழைப்பு தரவைக் கருனியின் நினைவகத்திலிருந்து நிரலின் நினைவகத்திற்குப் படியெடுக்கும். அடுத்தது அதனையே மீண்டும் கருனிக்குள் படியெடுக்கும். நிரலோ அத்தரவில் ஓர் எழுத்தையும் மாற்றுவதில்லை. 1999இல் வெளிவந்த லினக்ஸ் 2.2 இவ்வீண் பயணத்தை ஒழித்தது. சென்ட்ஃபைல் என்னும் ஒரே அழைப்பில், தரவு நிரலின் நினைவகத்தைத் தொடாமலே இணைப்பைச் சென்றடைந்தது.

ஆயினும், தரவை நிரல் தொடத் தேவையில்லை என்னும் எடுகோளின் மீதே இப்பயன் நின்றது. இணையத்தில் குறியாக்கம் பரவியபோது அவ்வெடுகோள் தளர்ந்தது; அனுப்புமுன் தரவைக் குறியாக்குவது நிரலின் பணியாயிற்று. 2017இல் வந்த லினக்ஸ் 4.13 குறியாக்கத்தைக் கருனிக்குள்ளேயே செய்ய இடமளித்த பின்னரே, அத்தகைய இணைப்புகளிலும் சென்ட்ஃபைல் பயன்பட வழி பிறந்தது. ஒரு சிறப்பு வசதியின் பயனை மீட்க மற்றொன்று தேவைப்பட்டது.

சேர்த்த அழைப்பை நீக்குவதும் எளிதன்று. இயங்கிவரும் நிரல்களை முறிக்கலாகாது என்பது லினக்ஸின் நெறி. 2006இல் ஸ்பிளைஸ் என்னும் பொதுவான அழைப்பு வந்தபின், சென்ட்ஃபைலின் உட்பணி அதன் பொறிமுறைக்கு மாற்றப்பட்டது. பழைய பெயரும் வடிவமும் நிலைத்தன.

பொதுமை மட்டுமே போதுமானதும் அன்று. 2019இல் லினக்ஸ் 5.1 அறிமுகப்படுத்திய ஐஓ-யூரிங், பல கோரிக்கைகளை ஒருங்கே ஒப்படைக்க உதவுகிறது. எனினும், தன் வெகுமதித் திட்டத்திற்கு 2022இல் வந்த கருனித் தாக்குதல்களுள் 60 விழுக்காடு இதன் குறைகளைப் பயன்படுத்தியவை என 2023இல் கூகிள் அறிவித்தது. குரோம்ஓஎஸில் அதனை முடக்கியது.

எனவே, இன்றைய அளவீட்டில் கிட்டும் விரைவு மட்டுமே அளவுகோலாகாது. வழங்கியின் பணி மாறிய பின்னும் அவ்வழைப்பு பயன்தருமா, அதனைக் காக்கும் சுமையைக் கருனி நெடுங்காலம் தாங்குமா என்னும் இரு வினாக்களுக்கும் விடை கண்ட பின்னரே புதிய அழைப்பைச் சேர்த்தல் தகும்.