பக்கத்து வீட்டுச் சுவரும் என் சப்வூஃபரும்

சப்வூஃபர் வாங்கி மூன்றாம் நாள் இரவு, பக்கத்து வீட்டு மக்சிக் கேட்டைத் தட்டினார். கோபமே இல்லை, எனக்கு அதுதான் சங்கடம். "பாட்டு கேட்கவில்லை தம்பி, சுவர் மட்டும் 'தும் தும்' என்கிறது. பேரன் இரண்டு முறை எழுந்துவிட்டான்" என்றார்.

பெட்டாலிங் ஜெயா, செக்‌ஷன் 17-இல் எங்களுடையது வரிசை வீடு. இரண்டு வீட்டுக்கும் ஒரே சுவர். மாடியில் 10 அடிக்கு 12 அடி பின்னறைதான் என் இசை அறை. இரண்டு சிறிய ஸ்பீக்கர்கள், அப்பா சேர்த்து வைத்த இளையராஜா சிடிக்கள். ராஜாவின் பேஸ் கிட்டாரை முழுசாகக் கேட்க வேண்டும் என்ற ஆசையில், செகண்ட் ஹேண்டில் 12 அங்குல சப்வூஃபரை வாங்கி மூலையில் வைத்தேன். பெரிதாக இருந்தால் நல்லது என்று நினைப்பு.

உண்மையில் எனக்கும் அது நன்றாகக் கேட்கவில்லை. சில ஸ்வரங்கள் முழங்கின, சில காணாமல் போயின. பெட்டியில் கோளாறு என்று நினைத்து, ஞாயிற்றுக்கிழமை அம்கார்ப் மாலுக்குப் போனேன். பழைய இசைத்தட்டும் ஹைஃபை கடைகளும் தேடுபவர்களுக்கு அந்த இடம் தெரியும். ஒரு கடைத் தவுக்கே என் பட்ஜெட்டைக் கேட்கவில்லை. "அறை எத்தனை அடி?" என்றுதான் கேட்டார். பிறகு ரசீதின் பின்பக்கம் கணக்குப் போட்டார்.

ஒலி வினாடிக்குச் சுமார் 343 மீட்டர் ஓடுகிறது. அதை அறை நீளத்தின் இரட்டிப்பால் வகுத்தால், அந்த அறை தானாகவே தூக்கிவிடும் அதிர்வெண் கிடைக்கும். 12 அடிக்கு 47 ஹெர்ட்ஸ். 10 அடிக்கு 56. என் அறையின் உயரமும் 10 அடி. அதனால் 56-இல் இரட்டை அடி. பேஸ் கிட்டாரின் 'ஏ' கம்பியை விரல் வைக்காமல் மீட்டினால் 55 ஹெர்ட்ஸ். அந்த ஸ்வரம் வரும்போதெல்லாம் முழங்கியதற்குக் காரணம் பிடிபட்டது. மூலையில் வைத்தால் இந்த முழக்கம் எல்லாம் உச்சத்துக்குப் போகும். நானோ இன்னொரு மூலையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன்!

துளையுள்ள பெட்டி வேண்டாம், மூடிய பெட்டியே போதும் என்றார். துளையுள்ளது ஓர் எல்லை வரை பலமாக ஒலித்து, அதற்குக் கீழே சட்டென்று விழுந்துவிடும். மூடியது மெதுவாகத்தான் குறையும்; சின்ன அறை ஆழமான பேஸைத் தானே கொஞ்சம் தூக்கிக் கொடுப்பதால் கணக்குச் சரியாகிவிடும். மூடிய சிறு பெட்டியில் நல்ல பேஸ் வரும் என்று அமெரிக்காவில் எட்கர் வில்ச்சர் 1954-லேயே காட்டிவிட்டார். நாம்தான் இன்னும் அங்குலத்தை எண்ணிக்கொண்டிருக்கிறோம். பழையதை விற்ற பணத்தோடு 400 வெள்ளி சேர்த்து, மூடிய 8 அங்குலப் பெட்டி ஒன்றை வாங்கினேன்.

வைக்கும் இடத்தைக் கண்டுபிடித்த விதம்தான் வேடிக்கை. சப்வூஃபரை என் நாற்காலியில் உட்கார வைத்து, பேஸ் நிறைந்த பாட்டை ஓடவிட்டு, நான் தரையில் தவழ்ந்தேன். எந்த இடத்தில் எல்லா ஸ்வரமும் சமமாகக் கேட்கிறதோ, அங்கே பெட்டி, நாற்காலியில் நாம். மனைவி கதவருகில் நின்று சிரித்ததைச் சொல்லத்தான் வேண்டும். கிடைத்த இடம் நீளச் சுவரின் நடுப்பகுதி, பொதுச் சுவருக்கு எதிர்ப்பக்கம். நாற்காலியையும் மூலையிலிருந்து வெளியே இழுத்தேன். ஸ்பீக்கரும் சப்வூஃபரும் கைமாறும் இடத்தை 80 ஹெர்ட்ஸில் வைத்தேன்.

முழக்கம் அடங்கியதும், சத்தத்தைக் குறைத்தாலே போதுமானதாக இருந்தது. ஆனால் சின்னப் பெட்டி என்பதால் பேஸ் சுவரைத் தாண்டாது என்று நம்பிவிடக் கூடாது. தாழ்ந்த ஒலிக்குச் செங்கல் சுவர் பெரிய தடையே இல்லை. அடியில் வைக்கும் ரப்பர் தரையின் அதிர்வைக் கொஞ்சம் குறைக்கும், காற்றில் போவதை நிறுத்தாது.

அதனால் மறுநாள் மாலை மக்சிக்கிடம் அனுமதி கேட்டு, அவர் பேரன் தூங்கும் அறையில் போய் நின்றேன். எங்கள் வீட்டில் மனைவி பாட்டைப் போட்டார். போனில் "குறை, இன்னும் குறை" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். 'தும் தும்' மறைந்த இடத்தில் நிறுத்தச் சொன்னேன். இப்போது சப்வூஃபரின் திருகுக்குமிழில் அந்த இடத்தில் ஒரு வெள்ளை டேப் ஒட்டியிருக்கிறது. இரவு 9 மணிக்கு மேல் அதையும் அணைத்துவிடுகிறேன்.

பழைய 12 அங்குலத்தை வாங்கிப் போனவர் கிள்ளானில் தனி பங்களாக்காரர். அவர் ஹாலில் அது நன்றாகவே ஒலிக்கிறதாம்.