பள்ளிக்கூடம் முடிந்தது, பையனுக்கு இனி என்ன?

விருத்தாசலம் என்றதும் பழமலைநாதர் கோயில் நினைவுக்கு வரும். அதற்கு அடுத்தபடி பீங்கான். பொம்மை, அகல் விளக்கு, ஃபியூஸ் கட்டை எல்லாம் இந்த ஊர்ச் சூளைகளில் வெந்து வெளியூர் போகின்றன.

பொம்மை செய்வதைப் பார்க்க வேண்டும்! மண்ணைத் தண்ணீர் விட்டுக் கூழாகக் கரைக்கிறார்கள். 'பிளாஸ்டர்' அச்சில் ஊற்றுகிறார்கள். அச்சு தண்ணீரை உறிஞ்சுகிறது. மண் சுற்றிலும் ஏடாகப் படிகிறது. மீதிக் கூழைக் கவிழ்த்துவிட்டு, இறுகியதும் அச்சைப் பிரித்தால் உள்ளே பொம்மை. பிசிறைச் சுரண்டி, ஈர ஸ்பாஞ்சினால் துடைத்து, காய வைத்துச் சூளைக்கு அனுப்புகிறார்கள்.

நாள் முழுவதும் இதே வேலை, இதே வரிசை. நமக்கு அலுத்துப் போகும். ஆனால் ஆட்டிசம் உள்ள பிள்ளைகளில் பலருக்கு இந்த ஒழுங்கே நிம்மதி. அடுத்தது என்ன என்று தெரிந்தால் மனம் கலங்காது. வேலையின் படிகளைப் படமாக வரைந்து சுவரில் ஒட்டினால் இன்னும் எளிது.

எல்லோருக்கும் இது ஒத்துவரும் என்பதில்லை. சிலருக்கு மண் கையில் பட்டாலே ஆகாது. சிலருக்கு இயந்திரச் சத்தம் தாங்காது. கொடுத்துப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

இந்தப் பேச்சு இப்போது எதற்கு? 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டப்படி, 40 சதவிகிதமும் அதற்கு மேலும் குறைபாடு உள்ள பிள்ளைக்கு 6 வயது முதல் 18 வயது வரை இலவசப் படிப்பு உண்டு. அதன் பிறகு? பள்ளி வேன் வராது. பையன் திண்ணையில் உட்கார்ந்து விடுகிறான். பள்ளியில் படிந்த பழக்கமெல்லாம் மெல்ல மெல்ல நழுவுகிறது. "எனக்குப் பின் இவனுக்கு யார்?" என்று தாய் தவிக்கிறாள்.

பெற்றோர் பலர் அறியாத சங்கதி ஒன்று உண்டு. 18 வயது நிறைந்த பிள்ளைக்காகத் தகப்பனார் போடும் கையெழுத்து தானாகச் செல்லாது. ஆட்டிசம், அறிவுத்திறன் குறைபாடு, மூளை முடக்குவாதம் உள்ளவர்களுக்கு, 1999-ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, கலெக்டர் இடம்பெறும் குழுவிடம் மனுச் செய்து சட்டபூர்வமான பாதுகாவலர் நியமனம் பெறலாம். தானே முடிவு செய்யத் தெரிந்த பிள்ளைக்கு இது தேவையில்லை. அவன் விருப்பத்தைப் பறிக்க ஏற்பட்ட சட்டமல்ல இது.

அரசு வேலையில் மாற்றுத்திறனாளிகளுக்கு 100-க்கு 4 இடம். அதில் 1 இடம் ஆட்டிசம், கற்றல் குறைபாடு முதலானவை உள்ளவர்களுக்கு. சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் 2005-இல் தொடங்கிய மத்திய அரசு நிலையம் தொழிற் பயிற்சியும் தருகிறது.

பதினெட்டு வரை காத்திருக்க வேண்டாம். 14 வயதிலேயே கடைக்கு அனுப்பிச் சில்லறை எண்ணிவரப் பழக்கலாம். பஸ்ஸில் சீட்டு வாங்கச் சொல்லலாம். அடையாள அட்டை இல்லாதவர்கள் கடலூர் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் முதலில் அதைக் கேட்டு வாங்க வேண்டும்.