தாத்தா படத்தில் கணவாய் இருக்கிறதா?

சொன்னது புரியாமல் யாராவது விழித்தால் 'பிளர் சோத்தோங்' என்று கிண்டல் செய்வோம். சோத்தோங், அதாவது நம்ம கணவாய், பயந்தால் மையைப் பீய்ச்சித் தண்ணீரைக் கலக்கிவிடும். கிண்டலுக்கு அதுதான் காரணம் என்பார்கள். அதே மை ஆங்கிலத்துக்குக் கொஞ்சம் மரியாதையான சொல் ஒன்றையும் கொடுத்திருக்கிறது: செபியா. பழைய படங்களின் பழுப்பு நிறத்துக்கு நாம் சொல்கிறோமே, அதேதான்.

கிரேக்க மொழியில் செபியா என்றால் கணவாய். லத்தீன் அதை அப்படியே எடுத்துக்கொண்டது. இத்தாலியில் மீன் கடைக்குப் போய் 'செப்பியா' கேட்டால் இன்றும் கணவாய்தான் தருவார்கள். அதன் மைப்பையைக் காயவைத்துப் பொடித்து ஓவியர்கள் பழுப்புச் சாயம் செய்தார்கள். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஐரோப்பாவில் இந்தச் சாயத்துக்கு ஏக மவுசு. பிறகு நிறத்துக்கே அந்தப் பெயர் நிலைத்தது. 1833இல் எலிசபெத் பில்பாட் என்ற இங்கிலாந்துப் பெண்மணி, கணவாயின் தூரத்து உறவான ஓர் உயிரினத்தின் கல்லாகிப்போன மையைக் கரைத்தே படம் வரைந்தார். கோடிக்கணக்கான ஆண்டுகள் பழைய மை!

ஆனால் நம் வீட்டுப் படங்களில் கணவாய் துளியும் இல்லை. கறுப்பு வெள்ளைப் படத்தில் இருப்பது வெள்ளித் துகள். அதைக் கந்தகம் கலந்த கரைசலில் மாற்றினால் பழுப்பாகும். அழகுக்கு மட்டுமல்ல, அப்படி மாற்றிய படம் நெடுநாள் தாங்கும்.

பழுப்பானதெல்லாம் செபியா என்று நிம்மதியாக இருந்துவிடவும் முடியாது. சரியாகக் கழுவாத படமும், ஈரக்காற்று பட்ட படமும் தானாகவே மஞ்சளாகும். ஓரம் வெளுத்து, முகங்கள் மங்கியிருந்தால் அது நிறமல்ல, படம் அழிந்துகொண்டிருக்கிறது. பேராக் ரப்பர் தோட்டங்களிலிருந்து ஈப்போவுக்குக் குடிவந்த குடும்பங்களில் பிஸ்கட் டின்னுக்குள் கிடக்கும் படங்கள் பல இந்த ரகம்தான். லயம் இல்லை, பால்மரம் இருந்த இடத்தில் செம்பனை நிற்கிறது. லயத்து வாசலில் வரிசையாக நின்றவர்களில் யார் பெரியப்பா, யார் பக்கத்து வீட்டுக்காரர் என்று சொல்லப் பாட்டி மட்டுமே மிச்சம். ஐந்து நிமிடத்துக்கு முன் எடுத்த படத்தைக் கைபேசியில் பழுப்பாக்கி மகிழும் நாம், இந்த டின்னைத் திறப்பதே இல்லை.

இந்த வாரம் திறங்கள். பாட்டி சொல்லச் சொல்ல, படத்தின் பின்பக்கம் பெயரையும் தோட்டத்தையும் மென்மையான பென்சிலில் லேசாக எழுதுங்கள். பேனா வேண்டாம், மை ஊறி முன்பக்கம் வந்துவிடும்.