உறுமல் எங்கிருந்து வருகிறது?

ஆடி பிறந்துவிட்டால் சின்னசேலம் சுற்றுவட்டாரத்து மைக் செட்காரர்களுக்கு ஓய்வு கிடையாது. கூழ் ஊற்றுவது, தீமிதி, காதுகுத்து என்று ஒன்று மாற்றி ஒன்று வரும். கேசட் போய், சிடியும் போய், பாட்டெல்லாம் இப்போது லேப்டாப்பில் இருக்கிறது. அதன் ஹெட்போன் துளையில் வயரைச் செருகி மிக்சருக்குக் கொடுத்தால், பாட்டுக்கு முன்னால் ‘ம்ம்ம்’ என்று ஓர் உறுமல் வந்து நிற்கிறது. “உள்ளே இருக்குற சவுண்டு சரியில்லைண்ணே, தனியா சவுண்ட் கார்டு போட்டாத்தான் கேக்கும்” என்று யாராவது தீர்ப்புச் சொல்லிவிடுவார்கள். கடைக்காரர் ஏன் மறுக்கப்போகிறார்?

அந்தத் தீர்ப்பு பெரும்பாலும் தப்பு. சோதித்துப் பார்க்கக் காசு வேண்டாம். பாட்டு ஓடும்போதே லேப்டாப்பின் சார்ஜரைப் பிடுங்கினால் போதும். உறுமல் சட்டென்று நின்றுவிட்டால், மதர்போர்டில் இருக்கும் ஆடியோ சிப்புக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. சார்ஜரின் எர்த் ஒரு வழியாகவும் ஆம்ப்பின் எர்த் இன்னொரு வழியாகவும் போகிறது. பாட்டு வயர் அந்த இரண்டையும் இணைத்து ஒரு வளையமாக்கிவிடுகிறது. இரண்டு எர்த்துக்கும் இடையே கொஞ்சம் வோல்டேஜ் வித்தியாசம் இருந்தாலே வயரின் மேல்உறையில் மின்சாரம் ஓடும். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதுவும் அதன் மடங்குகளும்தான் பாக்ஸில் உறுமலாகக் கேட்கின்றன. திருவிழாப் பந்தலில் ஜெனரேட்டர் ஒரு பக்கம், தெருக்கோடியிலிருந்து இழுத்த லைன் இன்னொரு பக்கம் என்றால் கேட்கவே வேண்டாம்.

லேப்டாப், மிக்சர், ஆம்ப் மூன்றையும் ஒரே போர்டில் செருகுவது முதல் வைத்தியம். அதற்கும் அடங்காவிட்டால், பாட்டு வயரின் நடுவே சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் சின்ன ஐசொலேஷன் டிரான்ஸ்பார்மரைப் போடலாம். எர்த் பின்னை வெட்டிவிடுவது என்று மூன்றாவதாக ஒரு வைத்தியம் எல்லா ஊரிலும் நடக்கிறது. ஈரத் தரையில் நின்றுகொண்டு உதட்டில் இரும்பு மைக்கை வைத்துப் பாடுகிறவரின் உயிரோடு விளையாடுகிற வேலை அது.

தனி கார்டு என்றால் உசத்தி என்ற நினைப்பு சும்மா வந்ததல்ல. ஒரு காலத்தில் அதுதான் உண்மை. 1980களில் ஐபிஎம் வகைக் கம்ப்யூட்டருக்கு வாய் என்று இருந்தது ‘பீப்’ போடும் ஒரு சின்ன ஸ்பீக்கர் மட்டும். 1987இல் கனடாவின் கியூபெக்கிலிருந்து அட்லிப் கார்டு வந்தது. 1989இல் அதே யமஹா சிப்பை வைத்துக்கொண்டு, பதிவு செய்த குரலையும் வாசிக்கிற வசதியைச் சேர்த்து, சிங்கப்பூரின் கிரியேட்டிவ் நிறுவனம் சவுண்ட் பிளாஸ்டரை இறக்கியது. 1981இல் சிம் வோங் ஹூ தொடங்கிய சின்னக் கடை அது. தமிழும் ஆட்சிமொழியாக உள்ள அந்தக் குட்டித் தீவிலிருந்து போன அட்டை, உலகம் முழுக்க கம்ப்யூட்டரின் சத்தத்துக்கே அளவுகோலாகிவிட்டது. ‘சவுண்ட் பிளாஸ்டருக்கு ஒத்துப்போகும்’ என்று போட்டிக் கம்பெனிகள் தங்கள் அட்டைப்பெட்டியில் அச்சடித்துக்கொண்டன. சிம் 2023 ஜனவரியில் காலமானார்.

அவருடைய அட்டையை வீழ்த்தியது இன்னொரு அட்டை அல்ல. 1997இல் இன்டெல் ஏசி’97 என்ற தரத்தைக் கொண்டுவந்தது. 2004இல் எச்டி ஆடியோ வந்தது. மதர்போர்டிலேயே ஒரு மலிவான சிப்பை ஒட்டினால் போதும் என்றாயிற்று. தைவானின் ரியல்டெக் கிட்டத்தட்ட எல்லா போர்டிலும் போய் உட்கார்ந்துகொண்டது. விண்டோஸ் விஸ்டா 2007இல் வந்தபோது, விளையாட்டுகளின் சத்தத்தை நேராகக் கார்டிடம் ஒப்படைக்கும் பழைய வழியையும் அடைத்துவிட்டது. அதோடு தனி கார்டின் பெரிய வாடிக்கையாளர் கூட்டம் கலைந்தது. சென்னை ரிச்சி தெருவில் இன்றும் பழைய பிசிஐ சவுண்ட் கார்டு மலிவாக மாட்டலாம். ஆசையில் வாங்கிவிடாதீர்கள். இப்போதைய மதர்போர்டுகள் பெரும்பாலானவற்றில் அதைச் செருக இடமே கிடையாது.

சரி, உள்ளே இருக்கும் சிப் எவ்வளவு நன்றாக இருக்கிறது? சாதாரண போர்டுகளில் வரும் ரியல்டெக் ஏஎல்சி 887இல் பாட்டுக்கும் இரைச்சலுக்கும் உள்ள இடைவெளி 97 டெசிபல் என்கிறது கம்பெனி. ஆடியோ சிடியால் தர முடிந்ததே சுமார் 96தான். பாட்டுக் கேட்க, படம் பார்க்க, கல்யாண வீடியோவுக்குப் பின்னணி இசை சேர்க்க இது தாராளம். காசு இருந்தால் நல்ல ஸ்பீக்கருக்குப் போடுங்கள். வித்தியாசம் வாசற்படியிலேயே தெரியும். மவுஸை நகர்த்தும்போதெல்லாம் ‘கிர்ர்’ என்று கூடவே சத்தம் வந்தால் மட்டும் குற்றம் உள்ளேதான். பிராசசரின் சலசலப்பு பக்கத்திலேயே இருக்கும் ஆடியோ பாதையில் கசிகிறது. அப்போதும் வாங்க வேண்டியது உள்ளே செருகும் கார்டு அல்ல, வெளியே வைக்கும் யுஎஸ்பி பெட்டி.

உள்ளே வரும் சத்தத்தில்தான் கதை மாறுகிறது. இந்தப் பக்கம் தெருக்கூத்து ஊறிய மண். பழைய கூத்துக் கேசட்டுகள் பரணில் பூசணம் பிடித்துக் கிடக்கும் வீடுகள் உண்டு. அவற்றைக் கம்ப்யூட்டரில் ஏற்ற நினைக்கிறவர் லேப்டாப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தால், இருப்பது ஒரே ஒரு துளை. அதில் காதுக்கு இரண்டு தடம், மைக்குக்கு ஒன்று, அவ்வளவுதான். கேசட் டெக்கிலிருந்து வரும் இடது, வலது இரண்டும் நுழைய வழியில்லை. மைக் துளை மில்லிவோல்ட் கணக்கில் எதிர்பார்க்கும் இடத்தில் டெக் அதைப்போலப் பல மடங்கு தள்ளுகிறது. முகவீணை உச்சத்துக்குப் போகும்போதெல்லாம் சத்தம் கிழிந்துவிடும். டெஸ்க்டாப் வைத்திருப்பவருக்குக் கவலையில்லை. பின்பக்கம் நீல நிறத் துளை லைன் இன், அதுதான் வேண்டும். இளஞ்சிவப்பு மைக்குக்கு, அதைத் தொடக்கூடாது. கேசட் நாடாவே 50, 60 டெசிபலைத் தாண்டாது. அதை வாங்கிக்கொள்ள உள்ளே இருக்கும் சிப்பே அதிகம். லேப்டாப் மட்டும் வைத்திருப்பவர் லைன் இன் உள்ள யுஎஸ்பி பெட்டி வாங்கத்தான் வேண்டும்.

நேரடிப் பதிவுக்கும் அதேதான். கல்வராயன் மலைக்குப் போய் ஒரு பாட்டியின் பாட்டை நல்ல கண்டன்சர் மைக்கில் பிடிக்க வேண்டுமானால் 48 வோல்ட் கொடுக்க ஏதாவது வேண்டும். எந்த லேப்டாப்பும் அதைத் தராது. லேப்டாப்பின் பேட்டரியிலிருந்தே மின்சாரம் எடுத்துக்கொள்ளும் சின்னப் பெட்டிகள் கிடைக்கின்றன. சார்ஜர் இல்லாத இடத்தில் உறுமலும் இருக்காது. கீபோர்டை இணைத்துச் சாஃப்ட்வேர் வழியாக வாசிக்கிறவருக்கும் பெட்டி அவசியம். கட்டையை அமுக்கிய பிறகு சத்தம் தாமதமாக வந்தால் தாளம் நழுவும். நல்ல ஆசியோ டிரைவரோடு வரும் பெட்டி அந்தத் தாமதத்தைச் சில மில்லிசெகண்டுக்குள் அடக்கிவிடும்.

கேசட்டுக்காரருக்கு இன்னொன்று. 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் என்று பெட்டியின் மேல் எழுதியிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸில் ஒரு மணி நேரக் கேசட் சுமார் 635 எம்பி பிடிக்கும்; 24 பிட், 96க்குப் போனால் 2 ஜிபியைத் தாண்டும். நாடாவில் இல்லாதது எதுவும் அதனால் வந்துவிடாது. பதிவைத் தொடங்கும் முன் ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் டெக்கின் ஹெட்டைத் துடையுங்கள். பிறகு ஹெட்டின் பக்கத்தில் இருக்கும் சின்னத் திருகைக் கால் சுற்றுக்கும் குறைவாக, காதால் கேட்டுக்கொண்டே இப்படியும் அப்படியும் திருப்பிப் பாருங்கள். ஜால்ரா மங்கிக் கேட்கும் கேசட்டுகளில் பாதி அங்கேயே தெளிந்துவிடும்.