உயில் இருந்தா மட்டும் போதுமா? புரொபேட் பத்தி நீங்க தெரிஞ்சுக்க வேண்டியவை

டேர்ம் இன்ஷூரன்ஸ், எஸ்.ஐ.பி. பத்தியெல்லாம் நிறைய பேசியிருக்கோம். இன்னைக்கு யாருக்கும் பேசப் பிடிக்காத ஒரு விஷயம். வீட்ல ஒருத்தர் இறந்த பிறகு, அவர் எழுதின உயிலை வெச்சு என்ன பண்ணணும்?

முதல்ல என் அனுபவம். 2019-ல் அப்பா தவறினப்போ, நான் சி.ஏ. முடிச்சு ஆறு வருஷம் ஆகியிருந்தது. பீரோவில் அவரோட உயில் இருந்தது. ஒரே பக்கம்தான். சென்னை வீடு அம்மாவுக்கு, எக்ஸிகியூட்டர் நான், கீழே ரெண்டு சாட்சிக் கையெழுத்து. 'அவ்வளவுதானே, பேர் மாத்திடலாம்'னு நினைச்சேன்.

வக்கீல் கேட்ட முதல் கேள்வி: "சாட்சிங்க ரெண்டு பேரும் எங்க இருக்காங்க சார்?"

எனக்குத் தெரியலை. ஊருக்கெல்லாம் ஆலோசனை சொல்ற நான், சொந்த அப்பாகிட்ட இதைக் கேட்டதே இல்லை. விசாரிச்சா, ஒருத்தர் அப்பாவுக்கு முன்னாடியே இறந்துட்டார். இன்னொருத்தர் 78 வயசுல மகள் வீட்டோட புனேவில் இருந்தார்.

புரொபேட்னா என்ன?

'இதுதான் அவர் எழுதின கடைசி உயில், இது செல்லும்'னு கோர்ட் கொடுக்கிற சான்று. உயிலின் நகலில் கோர்ட் முத்திரை போட்டுத் தருவாங்க. உயிலில் எக்ஸிகியூட்டர்னு பேர் இருக்கிறவர்தான் இதைக் கேட்க முடியும். அப்படி யார் பேரும் இல்லைன்னா, 'லெட்டர்ஸ் ஆஃப் அட்மினிஸ்ட்ரேஷன்' கேட்கணும். ஒண்ணு கவனிங்க: உயில் உண்மையான்னுதான் கோர்ட் பார்க்கும். அந்தச் சொத்து உண்மையிலேயே அப்பாவோடதுதானாங்கிறது வேற விஷயம்.

கட்டாயமா?

இந்திய வாரிசுரிமைச் சட்டம், 1925-ன் 213-வது பிரிவுப்படி, சென்னை, மும்பை, கொல்கத்தா நகர எல்லைக்குள் ஓர் இந்து உயில் எழுதியிருந்தாலோ, உயிலில் சொன்ன வீடு, மனை அங்கே இருந்தாலோ புரொபேட் கட்டாயமா இருந்தது. மதுரை, கோவைக்காரங்களுக்கு அந்தக் கட்டாயம் கிடையாது. 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் அந்தப் பிரிவையே நீக்கிடுச்சு. ஆனா விரும்பினா இப்பவும் வாங்கலாம். வாரிசுகளுக்குள்ள மனஸ்தாபம் இருந்தா, உயில் மேல யாராவது சந்தேகம் கிளப்புவாங்கன்னு தோணினா, வாங்கி வெச்சுக்கிறதே நல்லது.

எப்படி வாங்கறது?

சென்னைன்னா உயர் நீதிமன்றம், மற்ற ஊர்ன்னா மாவட்ட நீதிமன்றம். தேவைப்படறவை:

• ஒரிஜினல் உயில்
• இறப்புச் சான்றிதழ்
• வாரிசு சான்றிதழ்
• சொத்துப் பட்டியல், மதிப்போட
• உயிலில் கையெழுத்துப் போட்ட ஒரு சாட்சியின் பிரமாணப் பத்திரம்

மற்ற வாரிசுகள் 'ஆட்சேபணை இல்லை'ன்னு எழுதிக் கொடுத்தா வேலை சுலபம். யாராவது எதிர்த்தா, அது முழு வழக்கா மாறிடும்.

எங்களுக்கு அக்கா உடனே கையெழுத்துப் போட்டாங்க. நான் புனே போனேன். அந்தப் பெரியவர் உயிலைப் பார்த்ததும், "உங்கப்பா அன்னைக்கு எனக்கு டிபன் வாங்கிக் கொடுத்தான்பா"ன்னு சிரிச்சார். பிரமாணப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். புரொபேட் கைக்கு வர 14 மாசம் ஆச்சு. அதுக்குள்ள அவரும் போயிட்டார். நான் கொஞ்சம் சோம்பேறித்தனமா இருந்திருந்தா, அப்பாவோட கையெழுத்தை வேற வழிகளில் நிரூபிக்க அம்மா கோர்ட் படி ஏறியிருக்கணும்.

நாமினி போதாதா?

பேங்க் பணத்துக்குப் பெரும்பாலும் போதும். நாமினி இருந்தா உயில், புரொபேட் கேட்காம பேங்க் கொடுத்திடும். ஆனா நாமினி பணத்தை வாங்கற ஆள்தான், அதனாலேயே உரிமையாளர் ஆகிட மாட்டார். ஷேர் விஷயத்திலும் 2023-ல் உச்ச நீதிமன்றம் இதையேதான் சொல்லியிருக்கு. அப்பாவோட ஏ.டி.எம். கார்டு வெச்சுப் பணம் எடுக்கிற வேலை மட்டும் வேண்டவே வேண்டாம்.

வருமான வரி?

உயில் மூலமா வர்ற சொத்துக்கு உங்களுக்கு வரி கிடையாது. ஆனா ஏப்ரல் 1 முதல் இறந்த நாள் வரைக்குமான அப்பாவோட வருமானத்துக்கு, நீங்க வருமான வரி போர்ட்டலில் 'சட்டப்பூர்வ வாரிசு'ன்னு பதிவு செஞ்சு ரிட்டர்ன் போடணும். அதுக்குப் பிறகு வர்ற வட்டி, வாடகை உங்க பக்கக் கணக்கு. அதனால அவரோட பான் கார்டை அவசரப்பட்டு சரண்டர் பண்ணாதீங்க.

இந்த ஞாயிற்றுக்கிழமை என்ன பண்ணலாம்?

அப்பா, அம்மாகிட்ட மூணே கேள்வி. உயில் இருக்கா? எங்க இருக்கு? சாட்சிங்க யாரு, அவங்க போன் நம்பர் என்ன? சாட்சிங்க பெற்றோரைவிட வயசு குறைஞ்சவங்களா இருந்தா ரொம்ப நல்லது.

கேட்கத் தயக்கமா இருந்தா, இந்தக் கட்டுரையை ஃபார்வர்ட் பண்ணிட்டு, "இது யாரோ சி.ஏ. எழுதினது, நம்ம வீட்ல எப்படிப்பா?"ன்னு ஆரம்பிங்க. பேச்சு தானா வரும்.