பிசிக்ஸை விட்டார், பியானோவைப் பிடித்தார்!

திருத்தணிக்காரனுக்கு ஊர் மாறுவது பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டாம். வாசல்படியைக்கூடத் தாண்டாமல் இரண்டு தடவை ராஜ்யம் மாறிய ஜனங்கள் நாங்கள். 1953ல் ஆந்திரா பிரிந்தபோது, ராத்திரி மெட்ராஸ் ராஜ்யத்தில் படுத்தவர்கள் காலையில் ஆந்திராவில் எழுந்தார்கள். 1960 ஏப்ரல் முதல் தேதி (சிரிக்காதீர்கள், தேதி நிஜம்) மறுபடி இந்தப் பக்கம். ம.பொ.சி.யும் மங்கலங்கிழாரும் இன்னும் எத்தனையோ பேரும் போராடி வாங்கிக் கொடுத்தது அது. ஆக, 'நம்ம ஊரு தமிழ்நாட்டுல இருக்கு' என்று நான் காலரைத் தூக்கிவிட்டுக் கொள்வதில் என் சாமர்த்தியம் பத்து பைசாவுக்கும் இல்லை.

இந்த மாதிரிக் கடனை ஞாபகம் வைத்துக்கொண்டு, அதை மேடையில் சொல்லவும் செய்கிற ஒரு மனிதர் அமெரிக்காவில் இருக்கிறார். விஜய் ஐயர். ஜாஸ் பியானோ வாசிப்பவர். ஹார்வர்டில் வாத்தியார். தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்தவர்.

'ஜாஸா? அது ஏதோ ஸ்டார் ஹோட்டல் சமாசாரம்' என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள் ஸார். அமெரிக்கக் கறுப்பின மக்கள் உருவாக்கிய சங்கீதம் அது. நம் கச்சேரியில் கல்பனாஸ்வரம் பாடும்போது என்ன நடக்கிறது? ராகமும் தாளமும் கையில் இருக்கும். மிச்சமெல்லாம் அந்த நிமிஷத்தில் பிறக்கும். ஜாஸிலும் ஏறக்குறைய அதே கதைதான்.

இப்போது கொஞ்சம் சரித்திரம். 1946ல் அமெரிக்கா ரொம்பப் பெரிய மனசு பண்ணி, 'இந்தியர்கள் குடியேறலாம், வருஷத்துக்கு 100 பேர்' என்று சட்டம் போட்டது. நூறு பேர்! காலை நேரத்து சென்னை லோக்கலில் ஒரு பெட்டிக்கே போதாது. அந்தக் கதவு அகலமாகத் திறந்தது 1965 அக்டோபரில், புதிய குடியேற்றச் சட்டம் வந்தபோது. திடீரென்று ஏன் மனசு இளகியது? இளகவில்லை. கறுப்பின மக்கள் வருஷக்கணக்கில் தெருவில் இறங்கி, தடியடி வாங்கி, ஜெயிலுக்குப் போய், 1964ல் சிவில் உரிமைச் சட்டத்தை வாங்கினார்கள். தோலைப் பார்த்து ஆளை எடை போடுவது அசிங்கம் என்று சர்க்காரை ஒப்புக்கொள்ள வைத்த போராட்டம் அது. அந்த அலையில்தான் குடியேற்றச் சட்டமும் மாறியது. நம் டாக்டர்களும் இன்ஜினீயர்களும் விமானம் ஏறினார்கள்.

அந்த அறுபதுகளில் போய்க் குடியேறிய குடும்பங்களில் ஒன்றில், 1971ல், நியூயார்க் மாநிலத்து ஆல்பனியில் விஜய் பிறந்தார். மூன்று வயதில் கையில் வயலின். பதினைந்து வருஷம் முறையான மேற்கத்தியப் பயிற்சி. பியானோ? அது அக்காவுக்கு. அக்கா கிளாஸுக்குப் போக, தம்பி வீட்டில் காதால் கேட்டதைத் தட்டித் தட்டிப் பார்த்தே கற்றுக்கொண்டார்.

படிப்பில் நம் வீட்டு ஆசைப்படியே போனார். யேல் பல்கலைக்கழகத்தில் கணக்கும் பௌதிகமும். பிறகு பெர்க்லியில் பௌதிகத்தில் டாக்டர் பட்ட ஆராய்ச்சி. பகலில் ஆராய்ச்சி, ராத்திரி பக்கத்து ஊரான ஓக்லாந்தில் ஜாஸ் வாசிப்பு. எத்தனை நாளைக்கு இரண்டு குதிரையில் சவாரி? ஒரு கட்டத்தில் பௌதிகத்தை விட்டார்.

'பார்த்தீங்களா, வேலையை விட்டுட்டு இஷ்டப்பட்டதைச் செய்யணும்' என்று ராஜினாமா கடிதம் எழுதக் கிளம்பிவிடாதீர்கள். அவர் படிப்பைத் தூக்கி எறியவில்லை. அதே பல்கலைக்கழகத்தில் இசையையும் விஞ்ஞானத்தையும் சேர்த்து ஆராய்ந்து 1998ல் டாக்டர் பட்டம் வாங்கினார். ஆராய்ச்சியின் சாரம் இதுதான்: தாளம் என்பது மூளைக்குள் மட்டும் ஓடும் கணக்கில்லை. நடை, மூச்சு, கையசைவு என்று உடம்பு முழுக்கச் சம்பந்தப்பட்டது. நல்ல வாத்தியக்காரர் ஒரு அடியை மயிரிழை முன்னேயோ பின்னேயோ போடுவார். அது பிசகில்லை, அதுதான் ருசி.

இதற்கு ஹார்வர்ட் வரை போக வேண்டாம். ஆடிக் கிருத்திகைக்கு எங்கள் ஊருக்கு வாருங்கள். தோளில் காவடியோடு 365 படி ஏறுகிறவரைக் கவனியுங்கள். பம்பை ஒலிக்கிற வரை கால் தானாகப் போகும். அந்தப் பம்பைக்காரர் சுவர்க்கடிகாரம் மாதிரி உயிரில்லாமல் அடித்தால், முப்பதாவது படியில் முக்கால்வாசிப் பேர் உட்கார்ந்துவிடுவார்கள்!

விஜய்க்கு இதைப் புத்தகத்தைவிட அதிகமாகக் கற்றுக்கொடுத்தவர்கள் கறுப்பின இசைக்கலைஞர்கள். சாக்ஸபோன் மேதை ஸ்டீவ் கோல்மன் தன் குழுவில் சேர்த்துக்கொண்டார். டிராம்போன் கலைஞர் ஜார்ஜ் லூயிஸ் ஆராய்ச்சிக்கு வழிகாட்டினார். லூயிஸ், சிகாகோவின் 'ஏ.ஏ.சி.எம்.' என்ற கலைஞர்கள் சங்கத்தில் வளர்ந்தவர். சொந்தமாக இசையமை, சொந்தமாகக் கச்சேரி நடத்து, அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கு இலவசமாகக் கற்றுக்கொடு என்பது அந்தச் சங்கத்தின் வழி. அது ஆரம்பமான வருஷம்? அதே 1965! அப்பா அம்மா தலைமுறைக்கு ஒரு கதவு, பிள்ளைக்கு இன்னொரு கதவு. இரண்டின் சாவியும் ஒரே ஜனங்களிடமிருந்து வந்தது.

அப்புறம் நடந்ததெல்லாம் மேளதாளம். 1995ல் முதல் ஆல்பம். 2009ல் 'ஹிஸ்டாரிசிட்டி' ஆல்பம், கிராமி பரிந்துரை. அதில் ஈழத்தமிழ்ப் பாடகி எம்.ஐ.ஏ.யின் பாட்டு ஒன்றைப் பியானோவில் துவம்சம் பண்ணியிருப்பார். 2011ல் 'தீர்த்தா'. அதில் உடன் வாசித்தவர்கள் தபலா நிதின் மிட்டா, கிதார் பிரசன்னா. பிரசன்னா வேறு யாருமில்லை, நம் பக்கத்து ராணிப்பேட்டைக்காரர். ஐ.ஐ.டி.யில் கப்பல் கட்டும் படிப்பை முடித்துவிட்டுக் கிதாரோடு கரையேறியவர்!

2013ல் மெக்ஆர்தர் விருது. ஐந்து வருஷத்தில் 6,25,000 டாலர். பி.காம். படித்த பாவத்துக்குக் கணக்குப் போட்டேன்: அன்றைய மதிப்பில் ஏறக்குறைய 4 கோடி ரூபாய். அதைவிட ஆச்சரியம், எதற்குச் செலவழித்தாய் என்று ஒரு வவுச்சர்கூடக் கேட்க மாட்டார்கள். டீ செலவுக்கே பில் கேட்கும் அக்கவுன்ட்ஸ் செக்‌ஷன்காரர்கள் இந்த வரியை இரண்டு தடவை படிக்கவும்.

2014ல் ஹார்வர்ட் பேராசிரியர். எங்கள் ஊரில் பிறந்த டாக்டர் ராதாகிருஷ்ணன் 1936ல் ஆக்ஸ்ஃபோர்டுக்குப் பேராசிரியராகப் போனது நம் தத்துவத்தைக் கற்றுக்கொடுக்க. விஜய் கற்றுக்கொடுப்பது, கறுப்பின மக்களிடம் தான் கற்றுக்கொண்டதை. இசைத்துறையோடு ஆப்பிரிக்க அமெரிக்க ஆய்வுத்துறையிலும் அவருக்குப் பொறுப்பு உண்டு. வாசிக்கிறவர்கள் யோசிக்கவும், யோசிக்கிறவர்கள் வாசிக்கவும் வேண்டும் என்று அங்கே தனி ஆராய்ச்சிப் படிப்பே ஆரம்பித்தார்.

அதே 2014ல் யேலில் ஆசிய அமெரிக்கப் பழைய மாணவர்கள் கூட்டம். சாதித்தவர்கள் நிறைந்த சபை. இந்த மாதிரி இடத்தில் நம்மவர்கள் என்ன பேசுவார்கள்? 'உழைப்பே உயர்வு தரும்.' விஜய் வேறு மாதிரி பேசினார். நம்முடைய வெற்றியே இந்த நாட்டின் ஏற்றத்தாழ்வுக்குத் துணை போகிறதா என்று கேட்டார். விருந்துக்குக் கூப்பிட்டவர்களிடமே சாப்பாட்டின் கணக்கைக் கேட்பது மாதிரி! பேச்சோடு நிற்கவில்லை. கறுப்பினத்தவர் போலீஸ் கையில் சாவதை எதிர்த்து 'காம்பாட் ப்ரீதிங்' என்று ஒரு படைப்பு. குழாயில் ஈயம் கலந்த தண்ணீர் வந்த ஃபிளின்ட் நகரத்துக் குழந்தைகளுக்காக இன்னொன்று. இரண்டும் 2021ல் வந்த 'அனீஸி' ஆல்பத்தில் இருக்கின்றன.

எதில் ஆரம்பிப்பது என்று கேட்டால், மைக்கேல் ஜாக்சனின் 'ஹ்யூமன் நேச்சர்' பாட்டை விஜய் தனியாகப் பியானோவில் வாசித்ததைக் கேளுங்கள். தெரிந்த மெட்டு, தெரியாத வழி.

லோக்கலில் தினமும் பார்க்கிறோம். பிளாட்ஃபாரத்தில் நிற்கும்போது, 'கொஞ்சம் உள்ள நகருங்க ஸார், எல்லாரும் போகணும்ல?' என்பவர், ஏறி உட்கார்ந்த அடுத்த ஸ்டேஷனில், 'எங்கப்பா இடம் இருக்கு, அடுத்த வண்டில வா' என்பார். அமெரிக்காவுக்குப் போனாலும் இந்த வியாதி விடுவதில்லை. உள்ளே இடம் கிடைத்த பிறகும் வாசலுக்கு வந்து கை கொடுக்கிறவர்கள் பெட்டிக்கு ஒருத்தரோ இரண்டு பேரோதான்.

விஜய் ஐயர் கையில் பியானோ மட்டும் இல்லை.